பெயரில்லாத பொத்தான்கள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நானே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆனால் "கேட்கவே இல்லையே" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவாய். எனவே கேட்கிறேன்: உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பேச்சு குறையவில்லை.

ஒரு செய்தி. உன் நகரத்துப் பேருந்துகளுக்குச் செயலி எழுதும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. எந்தப் பேருந்து எங்கே வருகிறது, நீ நிற்கும் நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று போனில் காட்டும். பொறுப்பு என் தலையில். உன் ஊர் என்பதால் கேட்டு வாங்கினேன் என்று சொன்னால் நம்புவாயா? நம்ப வேண்டாம். எங்கள் மேலாளர் கூப்பிட்டு, "நீயே பாத்துக்கோ" என்றார்.

முன்பெல்லாம் சந்தையில் இருக்கும் இரண்டு வகைப் போனுக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டும். இப்போது ஒரு ஃபிரேம்வொர்க் இருக்கிறது. ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதை வாழ்க்கையில் முதன்முறையாக நேரில் பார்க்கிறேன்.

செயலியில் வரும் சொற்களை எல்லாம் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். திரையில் பார்த்தால் பிழை கண்ணில் படாது, தாளில்தான் படும் என்பாயே. பதிப்பகத்தில் உனக்கு வேலை நெரிசல் என்று தெரியும். நேரம் கிடைக்கும்போது பார். போனில் சொல்லிவிடாதே. போனில் பேச ஆரம்பித்தால் நீ தனியாக இருப்பதில் தொடங்கி நான் போன வருடம் சொன்னதில் போய் முடிகிறது. எழுதினால் சண்டை வருவதில்லை. வந்தாலும் தபாலில் ஆறிவிடுகிறது.

பரிசோதனைச் செயலியின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன்.

உன் பதிலையும் சிவப்பு மையையும் எதிர்பார்க்கும்,
தம்பி

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கேட்டதற்கு நன்றி. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

தாள்களைத் திருத்தி வைத்திருக்கிறேன். நீ நிறுத்தம் என்று எழுத வேண்டிய இடமெல்லாம் 'நிருத்தம்' என்று எழுதியிருக்கிறாய். நிருத்தம் என்றால் நடனம். "அடுத்த நிருத்தத்தில் இறங்கவும்" என்று போட்டால், சொன்னதைக் கேட்கிற பயணி என்ன செய்வான் என்று யோசித்துப் பார். 'வருகைக்கு காத்திருக்கவும்' என்பதில் ஓர் ஒற்றை விழுங்கிவிட்டாய். படித்த பிள்ளை, பசியோடு எழுதாதே. ஃபிரேம்வொர்க்குக்குச் சட்டகம் என்று நல்ல சொல் இருக்கிறது. நீ பயன்படுத்த மாட்டாய், சொல்லி வைக்கிறேன்.

செயலியைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. அந்தப் பச்சை நிறம் கண்ணுக்கு இதம்.

ஒரு விஷயம். என் தோழி ஒருத்திக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. போனைத் தொட்டால், விரல் படும் இடத்தில் இருப்பதை அதுவே வாசித்துச் சொல்கிற வசதி இருக்கிறதாமே, அதைத்தான் பயன்படுத்துகிறாள். உன் செயலியைத் திறந்தால் எங்கே தொட்டாலும் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்கிறது. எது என்ன பொத்தான் என்று சொல்வதில்லை. கொஞ்சம் பார்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நடனங்களை எல்லாம் நிறுத்திவிட்டேன்.

பொத்தான் விஷயத்தைக் கேட்டாயே, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தச் சட்டகம் (பார், பயன்படுத்திவிட்டேன்) போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் பொத்தான்களை எடுத்துக்கொள்வதில்லை. வெறும் திரையில் எல்லாவற்றையும் தானே படம் மாதிரி வரைந்துகொள்கிறது. அதனால்தான் இரண்டு வகைப் போனிலும் அச்சு அசலாக ஒரே மாதிரித் தெரிகிறது. ஆனால் படத்தைப் பார்த்து அது என்னவென்று போனுக்குத் தெரியாதல்லவா? 'இது தேடும் பொத்தான், இது பேருந்து எண்' என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாங்கள் பெயர் எழுதி வைக்க வேண்டும். சாதாரணப் பொத்தான்களுக்கு அது கிட்டத்தட்டத் தானாகவே வந்துவிடும். நாங்கள் அழகுக்காக எல்லாவற்றையும் எங்கள் கைப்பட வரைந்திருக்கிறோம். அதனால் வரவில்லை.

மேலாளரிடம் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அப்புறம்'.

"சார், கண்ணு தெரியாதவங்களுக்குப் போன் வாசிச்சுச் சொல்லுமே, அதுல நம்ம ஆப் சரியா வரல."

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"தெரியலை சார்."

"தெரிஞ்சுக்கிட்டு வா. அதுவரைக்கும் வெளியீட்டு வேலையைப் பாரு. இதை அப்புறம் சேத்துக்கலாம்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அக்கா. ஜூன் மாதம் வெளியிட்டாக வேண்டும். அடுத்த பதிப்பில் கட்டாயம் சேர்த்துவிடுவோம்.

அம்மா உன்னைக் கேட்டாள். எப்போது வருகிறாய்?

தம்பி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மாவிடம் கோடையில் வருவதாகச் சொல்.

அடுத்த பதிப்பு எப்போது வரும்?

ஏன் கேட்கிறேன் என்றால், இப்போது பேருந்து அலுவலகத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. கூப்பிட்டு நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், ஒரு பெண் திரையைப் பார்த்து, "உங்களோடது இப்ப திருப்பத்துல வருதும்மா, முன்னாடி ஒண்ணு வரும், அதுல ஏறிடாதீங்க, அடுத்தது" என்று சொல்வாள். தோழி அந்தக் குரலை நம்பித்தான் வேலைக்குப் போய் வருகிறாள். உன் செயலி வந்ததும் அந்த எண்ணை நிறுத்திவிடுவார்கள் என்று நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதில்கூட மூன்று பிழைகள்.

இது உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தில் பதிப்பகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, வேலை எப்படிப் போகிறது?

அந்தத் தொலைபேசி எண் பற்றி எனக்குத் தெரியாதுதான். அது அவர்கள் அலுவலக முடிவு, எங்கள் கையில் இல்லை. நீ கோபமாக எழுதுகிறாய் என்று படுகிறது. என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. மழையில் ஊரே குடை கேட்டு நிற்கும்போது, ஒருத்தர் கைக்குப் பிடி பொருந்தவில்லை என்று கடையைச் சாத்த முடியுமா? ஒவ்வொரு திரையையும் மறுபடி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி, இரண்டு வகைப் போனிலும் சோதித்து... சொல்வது சுலபம்.

அதுவரை பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டு ஏறச் சொல்லேன். உதவி செய்யாமலா போய்விடுவார்கள்?

புதிய திரைகளின் தாள்களை அனுப்பியிருக்கிறேன். இந்த முறை பிழையே கண்டுபிடிக்க முடியாது, பந்தயம்.

தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத்து இவ்வளவு பெரிதாக அச்சாகியிருப்பதைப் பார்த்துத் திகைக்காதே. இந்த மடிக்கணினி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து அடிக்கிறேன். இந்த மாதம் பாதி நாள் இங்கேதான் போனது. பதிப்பகத்தில் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். இங்கே நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன. சுவரில் எழுத்துகள் சிறிதாகிக்கொண்டே போகும் அட்டை.

மருத்துவர் நல்லவர். மழுப்பவில்லை. "போனது போனதுதாம்மா. இருக்கறதக் காப்பாத்தப் பாப்போம்" என்றார்.

உன் தாள்களை இந்த முறை பார்க்க முடியவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 'பயனிகள்' என்று அச்சாகியிருந்தது. நீ ஒரு கோடுகூடப் போடவில்லை. பந்தயத்தில் நான் ஜெயித்ததாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

உன் கண் எப்படி இருக்கிறது? தலைவலி ஏதாவது உண்டா? சும்மாதான் கேட்கிறேன். பிழைதிருத்துகிறவர்களுக்குக் கண்ணில் அதிகச் சிரமம் என்று எங்கோ படித்தேன். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அந்தத் தோழிக்கு ஒரு செய்தி சொல். பெயர் எழுதும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

மேலாளரிடம் போய் நின்றேன். "வெளியீட்டைத் தள்ளணும் சார்" என்றேன்.

"என்னாச்சு உனக்கு? நல்லாத்தானே இருந்தே?"

"இதைச் சரி பண்ணாம என் கையால வெளியிட முடியாது."

"அப்புறம் பாத்துக்கலாம்னு பேசினோமே?"

"இல்ல சார். இப்பவே."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். பேருந்து அலுவலகத்தோடு பேசி ஒரு மாதம் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

உன்னுடையதைப் போலவே ஒரு போன் வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பழகுகிறேன். முதல் நாள் தேடும் பெட்டியைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. குளியலறையில் சோப்பு நழுவி விழுந்தால் தேடுவோமே, அப்படி. நான் எழுதிய செயலி, நான் வைத்த பொத்தான், எனக்கே வழி தெரியவில்லை. கூச்சமாக இருந்தது, அக்கா. இப்போது ஒவ்வொன்றாகப் பேச வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு எது வேண்டுமானாலும் எழுது. எதுவானாலும்.

உன் தம்பி

மே 13

அன்புத் தம்பிக்கு,

நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நீ வேலையைத் தொடங்கியது மகிழ்ச்சி. முடியாது என்றது எப்படி முடிந்தது என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. முதலில் முடி.

தோழியிடம் சொன்னேன். "அப்படியா?" என்றாள்.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

செயலி நேற்று வெளியாகிவிட்டது. ஒவ்வொரு பொத்தானும் பெயர் சொல்கிறது. பேருந்தின் எண், எங்கே வருகிறது, எவ்வளவு நேரத்தில் வரும், எல்லாம். உன்னுடையதைப் போன்ற போனில் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கச் சோதித்துவிட்டேன். மற்ற வகையில் தனியாகப் பார்க்க நேரமில்லை. ஒரே நிரல்தானே, அதிலும் தானாக வந்திருக்கும்.

கண்ணைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. நீ ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வராதே. வீட்டிலேயே இரு. படியில் இறங்கக்கூட வேண்டாம். நானே வந்துவிடுவேன்.

தம்பி

ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

நீ சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிட்டாய். ரயிலில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மணி அடித்தது. கதவைத் திறந்தேன். நீ என் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாய். "என்னடா, கொசு விரட்டறியா?" என்றேன். நீ உன் சட்டைப் பையைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு, படி" என்றாய். படித்தேன். பொடி எழுத்து, அதிலும் ஒரு பிழை. உடனே என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பாடா! உனக்கு ஒண்ணும் இல்லையா!" என்றாய். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்புறம்தான் நீ எனக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாய். கீழ்வீட்டு வக்கீல். என் தோழி. சுவர்ப்பக்கம் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கோலையும் பார்த்தாய்.

மருத்துவமனையில் அவளுக்குத் துணையாக இருந்தேன். மடிக்கணினி அவளுடையது. உன் தாள்களைப் பார்க்க நேரமில்லை. உன் மே மாதக் கடிதம் வந்ததும், நீ என்ன நினைத்துக்கொண்டாய் என்று புரிந்துவிட்டது. ஒரு வரி எழுதியிருந்தால் தெளிந்திருக்கும். எழுதவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம், 'எழுதினால் இவன் வேலையை நிறுத்திவிடுவான்' என்று தோன்றியது. தம்பியைப் பற்றி அப்படித் தோன்றியதே எனக்கு வலித்தது.

"என்னை ஏமாத்திட்டே" என்றாய். சரி. ஆனால் ஜனவரியிலிருந்து அவளைப் பற்றி எழுதுகிறேன். யார் அந்தத் தோழி, என்ன வேலை பார்க்கிறாள், உனக்கு எப்படிப் பழக்கம் என்று ஒருமுறையாவது கேட்டாயா? அவள் கண் என்றபோது அடுத்த பதிப்பு. என் கண் என்றதும் மேலாளரையே எதிர்த்துப் பேசினாய். அவ்வளவு பாசம் எனக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் செயலி எழுதுகிற இடத்தில் ஒரு தம்பி இருக்கிறான் என்றால், அங்கே நிற்கிற எல்லோருமா அவனுக்கு அக்கா ஆக முடியும்?

நீ போன பிறகு அவள் தன் போனில் உன் செயலியைத் திறந்தாள். அவளுடையது மற்ற வகைப் போன். அதில் தானாக வரவில்லை.

கோபம் ஆறியதும் எழுது.

அக்கா

ஜூலை 29

மதிப்புக்குரியவருக்கு,

உங்கள் அக்காவின் கீழ்வீட்டில் இருக்கும் வக்கீல் எழுதுகிறேன். சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் அதன் பொறுப்பு. உங்கள் அக்காவிடம் திருத்தக் கொடுக்கவில்லை. இப்படி எழுதுவது அவருக்குத் தெரியாது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். ஏனென்றால் உங்களிடம் எனக்கு வேலை இருக்கிறது.

முதலில் என் மனத்தில் இருப்பது. கடிதங்களில் நீங்கள் இருவரும் என்னைப் பற்றி என்னென்ன எழுதிக்கொண்டீர்கள் என்று இப்போதுதான் உங்கள் அக்கா வாசித்துக் காட்டினார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை. அவர் என்னை வைத்து உங்களுக்குப் பாடம் நடத்தினார். நீங்கள் என்னைக் குடைப்பிடி ஆக்கினீர்கள். என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு வாய் இருக்கிறது. நீதிமன்றத்தில் அது போதும் போதும் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் 'அப்பாடா' என்றீர்கள். எனக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே இருக்கிறது.

பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டு ஏறச் சொல்லியிருந்தீர்கள். இந்த மாதம் தொலைபேசி எண்ணை நிறுத்தியதும் அப்படியே செய்தேன். "இது நீதிமன்றம் போகுமா?" என்று கேட்டேன். "ம்" என்றார் ஒருவர். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார் என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. பேருந்து எதிர்த்திசையில் போயிற்று. குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் நிலையில் ஒரு பெண் என்னை நம்பி நீதிமன்ற வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் வழக்கை அழைத்துவிட்டார்கள். தள்ளிப்போட்டதோடு தப்பித்தோம். அடுத்த நாள் அவர் வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, வேற வக்கீலப் பாத்திருக்கேன்" என்றார். நான் அவராக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

இனி வேலை. உங்கள் செயலி என் போனில் ஊமையாக இல்லை, உளறுகிறது. முதலில் எல்லாப் பேருந்து எண்களையும் வரிசையாகச் சொல்கிறது. பிறகு எல்லா நேரங்களையும் வரிசையாகச் சொல்கிறது. எந்த நேரம் எந்தப் பேருந்துக்கு என்று சேர்த்துப் பார்ப்பதற்குள், பட்டியல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு என்னை உச்சிக்குத் தூக்கி எறிகிறது. மறுபடி முதலிலிருந்து.

இது இரண்டு வகைப் போனிலும் சரியாக வேலை செய்யும்வரை தொலைபேசி எண்ணைத் திறந்து வைக்க வேண்டும் என்று பேருந்து அலுவலகத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். அது உங்களை வந்து சேரும். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

பதில் எழுதுவதானால் மின்னஞ்சலில் எழுதுங்கள். தாளில் எழுதினால் அதை வாசிக்க நான் மாடியேற வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்வீட்டு வக்கீல்

செப்டம்பர் 6

மதிப்புக்குரிய வக்கீல் அவர்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. சிகிச்சை எப்படிப் போகிறது, பேருந்தில் எப்படிப் போய் வருகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மின்னஞ்சலுக்குப் பல நாட்களாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன். வேலையை முடிக்காமல் வெறும் வருத்தத்தை மட்டும் அனுப்பக் கூடாது என்று தோன்றியது.

உங்கள் அறிவிப்பு வந்த அன்று மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மேசைமேல் ஒரு பதில் தயாராக இருந்தது. 'செயலி இரண்டு வகைப் போனிலும் எல்லோருக்கும் முறையாக இயங்குகிறது' என்று ஒரு வரி. அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட முடியாது சார்."

"ஏன்?"

"உண்மை இல்லை. ஒரு வகையிலதான் ஓடுது. இன்னொண்ணுல நான் சோதிக்கவே இல்லை. வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

"போன தடவை அக்காவுக்குக் கண்ணு போச்சுன்னு சொன்னே. இப்ப யாருக்குப் போச்சு?"

"யாருக்காகவும் இல்ல சார். நோட்டீஸ் அனுப்பினவங்க பஸ் ஏறணும், அவ்வளவுதான்."

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப உண்மையை நீயே எழுதிக் கொடு. வர்றதை நீயே வாங்கிக்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்குக் காட்டாமல் நான் எழுதிய முதல் அலுவலகக் கடிதம். பிழைகள் இருந்திருக்கும், பொய் இல்லை. பேருந்து அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி என்னையே நேரடியாகக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். "எப்ப முடியும்னு மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த நம்பரைத் திறந்து வைக்கறேன்" என்றார். எண் திரும்பி வந்துவிட்டதை நீங்கள் எனக்கு முன்பே அறிந்திருப்பீர்கள். அடுத்த திட்டத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடவில்லை. அது எதிர்பார்த்ததுதான்.

ஒரே நிரல் என்றாலும் போன்கள் இரண்டு என்பதை இப்போதுதான் கற்றேன். பேருந்தின் எண்ணையும் நேரத்தையும் தனித்தனியாக வரைந்திருந்தேன். ஒரு வகைப் போன் அவற்றைச் சேர்த்து வாசித்தது, உங்களுடையது பிரித்து வாசித்தது. இப்போது ஒவ்வொரு பேருந்தும் ஒரே வாக்கியமாகப் பேசும். பட்டியல் புதுப்பித்துக்கொண்டாலும் உங்கள் விரல் இருந்த இடம் மாறாது. உங்கள் வகைப் போனில்தான் இந்த முறை முதலில் சோதித்தேன். ஆனால் நான் கண்ணை மூடிக்கொள்கிறவன். திறந்தால் தெரிந்துவிடும் என்ற தைரியத்தோடு மூடுகிறேன். அதை வைத்து 'சரியாக இருக்கிறது' என்று நானே முடிவுசெய்ய முடியாது. புதிய பதிப்பின் இணைப்பு கீழே இருக்கிறது. நீங்கள் சரி என்று சொல்லும்வரை வெளியிட மாட்டோம் என்று அந்த அதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். இதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறதா, விருப்பம் இருக்கிறதா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

இன்னும் ஒன்று. அக்காவுக்கு எழுத முடியாமல் போனது.

கதவு திறந்து, அவள் என்னை நேராகப் பார்த்தபோது எனக்கு வந்தது வெறும் சந்தோஷம். ரயிலில் ஏறியதிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. பின்னால் உங்களைப் பார்த்த பிறகும் அந்தச் சந்தோஷம் உடனே போகவில்லை. அதுதான் என்னைத் துரத்துகிறது. கோபித்துக்கொண்டு ஓடினேனே, அது அக்காமேல் வந்த கோபம் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் நிற்க முடியவில்லை. 'அப்பாடா' என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டால், அக்கா நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று ஆகிவிடும். அது பொய். உங்களைப் பார்க்காமல் சொன்னேனே, அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

செயலியில் எங்கே இடறினாலும் எழுதுங்கள். தொழில் முறையில் திட்டினாலும் சரி. அக்காவிடம் சொல்லியனுப்ப வேண்டாம். நேராக எனக்கே எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பேருந்துச் செயலி எழுதுகிறவன்